சீமைப் பட்டமும் கோர்ட்டு வாசலும்

வெளிநாட்டுச் சர்வகலாசாலையில் சட்டம் படித்துப் பட்டம் பெற்று வந்த இந்தியர் ஒருவர், இந்நாட்டுக் கோர்ட்டில் வக்கீலாக நின்று வாதாட வேண்டுமானால் எத்தனை வாசல்களைத் தாண்ட வேண்டியிருக்கின்றது என்பதை நமது வாசகர்களில் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். "அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சங்கதி, நமக்கென்ன?" என்றும் சிலர் கேட்கக்கூடும். வக்கீலை நம்பி நிலத்தையும் தலையையும் ஒப்படைப்பவன் நம்மவனாகையால், யாரை வக்கீலாக்குவது என்பதில் நமக்கும் சம்பந்தமுண்டு என்றே சொல்லுவோம்.

வெள்ளைக்காரர் ஆட்சியில், லண்டனுக்குப் போய் பாரிஸ்டராகி வந்தவருக்கு இருந்த மரியாதை கொஞ்சமல்ல. கல்கத்தா ஐக்கோர்ட்டின் ஒரு பகுதியில் பாரிஸ்டர்தான் வாதாடலாம், இங்கேயே படித்துத் தேறிய வக்கீல் வாயைத் திறக்கக்கூடாது என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. அப்படியானால் பாரிஸ்டருக்கு இந்நாட்டுச் சட்டம் அதிகம் தெரிந்திருக்குமென்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. பாரிஸ்டராவதற்குப் பரீட்சை தேறினால் மட்டும் போதாது. இத்தனை நாள் விருந்து மண்டபத்தில் போய் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும் என்பதும் விதி. திவசச் சாப்பாட்டினால் பிதுர்க்கள் வயிறு நிறையும் என்பதற்கும், விருந்துச் சாப்பாட்டினால் சட்டஞானம் வரும் என்பதற்கும் என்ன வித்தியாசமோ நமக்கு விளங்கவில்லை.

1891-ல் பாரிஸ்டராகித் திரும்பிய தோழர் காந்தியார், அப்போது தமக்கு இந்து சட்டமோ முகமதிய சட்டமோ சிறிதும் தெரியாதென்று தமது சுயசரிதையிலேயே ஒப்புக்கொண்டிருக்கின்றார். அப்படியிருந்தும் பம்பாய் ஐக்கோர்ட் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே பட்டத்தோடு 1894-ல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கோர்ட்டுக்குப் போனபோதோ, அங்கிருந்த வக்கீல் சங்கத்தார் குறுக்கே விழுந்து தடுத்தார்கள். காரணம் அவருடைய தோலின் நிறமேயொழிய சட்டஞானக் குறைவல்ல. கோர்ட் அவர்களுடைய ஆட்சேபணையைத் தள்ளிவிட்டு அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தலைப்பாகையைக் கழற்றச் சொல்லிற்று. மனிதரும் ஒருவரே, பட்டமும் ஒன்றே. ஓரிடத்தில் தாம்பூலம், இன்னோரிடத்தில் தடை.

1961-ம் வருஷத்து வக்கீல்கள் சட்டம் பாரிஸ்டர், வக்கீல் என்ற மேல்ஜாதி கீழ்ஜாதியை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே வகுப்பாக்கிற்று. பாரிஸ்டர் என்பதற்காகவே சேர்த்துக்கொள்வது 1976-ம் வருஷக் கடைசி வரையில் பாரிஸ்டரானவர்களோடு முடிந்தது. இது நியாயமே. ஆனால் இன்று வண்டி மறுபக்கம் சாய்ந்திருக்கின்றது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் வருஷத்து விதிகளின்படி, வெளிநாட்டுச் சர்வகலாசாலை அக்கவுன்சிலால் அங்கீகரிக்கப்பட்டதாயிருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவரானால் 3 வருஷமும், பள்ளிப்படிப்போடு போனவரானால் 5 வருஷமும் சட்டம் படித்திருக்க வேண்டும். அப்புறம் இந்தியச் சட்டங்களில் தனிப் பரீட்சை ஒன்று. அதில் தேறிப் பெயரைப் பதிந்துகொண்டால், உள்ளூர்ப் பட்டதாரியோடு சேர்ந்து அகில இந்திய பார் பரீட்சையையும் எழுதவேண்டும். உள்ளூர்ப் பட்டதாரிக்கோ பின்னது மட்டுமே. அதிலும் சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம்.

"இந்தியச் சட்டம் தெரியாதவனிடம் வழக்கை எப்படிக் கொடுப்பது?" என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். பரீட்சையே கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2024 ஜூலை 1-ந் தேதி என்ன நடந்தது? 1860-ம் வருஷத்துப் பீனல் கோடும், கிரிமினல் நடைமுறைச் சட்டமும், 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும் போய், அவற்றினிடத்தில் மூன்று புதுச் சட்டங்கள் வந்தன. அன்று காலையில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போன வக்கீல்களெல்லாம் தாம் படிக்காத சட்டத்தை வைத்து வாதாடப் போனவர்களே. அவர்களில் ஒருவரையாவது பரீட்சைக்கு உட்காரச் சொன்னார்களா? "பெரும்பாலும் பழைய சரக்கு, நெம்பர்தான் மாறிற்று, படித்துக்கொள்வார்கள்" என்றார்கள். நல்லது. நமது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும் இங்கிலீஷ்காரன் சரக்கிலிருந்து செய்ததுதானே? லண்டனில் ஒப்பந்தச் சட்டம் படித்தவன் மாத்திரம் இங்கே வந்து படித்துக்கொள்ள மாட்டானா?

இங்கிலாந்தில் 2021 முதல் சொலிசிட்டராக விரும்புகிறவர்களுக்கு ஒரு பொதுப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். லண்டனில் படித்தவருக்கும் சென்னையில் படித்தவருக்கும் கேள்வித்தாள் ஒன்றே. நியூயார்க்கில், தங்கள் படிப்புக்குச் சமமென்று கண்டால், இந்தியச் சட்டப் பட்டதாரியை உள்ளூர்ப் பிள்ளைகள் எழுதும் அதே பரீட்சைக்கு உட்கார விடுகிறார்கள். வெளிநாட்டுப் பட்டதாரியை அண்டவே விடாத மாகாணங்களும் அமெரிக்காவில் உண்டு. ஆகையால் வெள்ளைக்காரன் செய்வதெல்லாம் சரியென்று நாம் சொல்லவில்லை.

இதில் கவனிக்கவேண்டிய இன்னொரு சங்கதி, வாசலில் காவல் நிற்கிறவர்கள் யார் என்பது. பார் கவுன்சில் என்பது வக்கீல்களே வோட்டுப்போட்டு அமைப்பது. உள்ளே தொழில் செய்கிறவர்களே வெளியே யாரை நிறுத்துவதென்றும் தீர்மானிக்கிறார்கள். பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொல்லுவது 750 ரூபாய், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினருக்கு 125 ரூபாய். சில மாகாணக் கவுன்சில்களோ பதினாயிரக் கணக்கில் வாங்கிவந்தன. 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டுத்தான் அது கூடாதென்று சொல்ல வேண்டியிருந்தது. உள்ளூர் ஏழைப் பிள்ளையிடமே இப்படி நடந்துகொண்டவர்கள், வெளியிலிருந்து வருகிறவனிடம் கேட்கும் இரட்டைப் பரீட்சை முழுவதும் கட்சிக்காரனுடைய நன்மைக்கே என்றால் எப்படி நம்புவது?

பெயரைப் பதிவதற்கு முன்பே எல்லோருக்கும் ஒரே பரீட்சை வையுங்கள். சிவில், கிரிமினல் நடைமுறைகளைப் புத்தகமில்லாமல் கேளுங்கள், கேள்வித்தாளை வெளியிடுங்கள். எந்த ஊரில் படித்தவனானாலும் தேறினவன் உள்ளே வரட்டும், தேறாதவன் மறுபடியும் எழுதட்டும். உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கும் இந்தப் பரீட்சையை வைக்க பார் கவுன்சில் தயாரா என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள விரும்புகின்றோம்.