எடைக்கல்லுக்கு எழுத்துத் தெரியாது

அம்பர்நாத் சிவன் கோயிலின் 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் படிக்க நம்மிடம் துறை உண்டு, பேராசிரியர் உண்டு. பழைய விமான எஞ்சினின் பெயர்த்தகட்டைப் படிக்க யார் உண்டு? காயலான் கடைத் தராசு உண்டு.

‘ஆர்-1830’ என்ற குறியீட்டைப் பாருங்கள். ‘ஆர்’ என்பது சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் வகை. 1830 என்பது கன அங்குலக் கொள்ளளவு, ஏறத்தாழ 30 லிட்டர். ஏழேழாக இரு வரிசையில் 14 சிலிண்டர்கள். இறுதியில் 92 என்றிருப்பின் டகோட்டா. 65 என்றிருப்பின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம். இதுவும் கல்வெட்டே.

மறுபயன்பாடு தொன்மையின் தூய்மையைக் கெடுக்கும் என்பார் உளர். வரலாறு அவர்களை மறுக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கான்பூரில் சிதைத்துக் கைவிடப்பட்ட லிபரேட்டர்களைப் பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிலாளர்கள் மீண்டும் பறக்கவைத்தனர். 1948 முதல் 1968 வரை அவை இந்திய விமானப்படையில் பணியாற்றின. இன்று டெல்லி பாலத்திலும் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்திலும் நிற்கும் லிபரேட்டர்கள் அவ்வாறு பிழைத்தவை. தூய்மை பேசியிருந்தால் அலுமினியக் கட்டிகளே எஞ்சியிருக்கும்.

மாற்றிய உதிரிபாகமும் பழுதுபார்த்த தடமும் களங்கமல்ல; ஏட்டில் ஏறாத தொழிலாளரின் கையொப்பம்.

பெயரறியாது உருக்குவதே உண்மையான அழிவு. பொறியியல் துறையும் வரலாற்றுத் துறையும் சேர்ந்து தகட்டையும் வரிசை எண்ணையும் முதலில் பதியட்டும். பறக்கவைப்பதா, பாடம் நடத்துவதா, காட்சிக்கு வைப்பதா என்பதைப் பிறகு வாதிடலாம். உருகிய எஞ்சினைப் பற்றி எந்த வாதமும் இல்லை.