யாருக்குக் கட்டுப்படியாகும்?

அந்தமானில் வீடு வைத்திருப்பவர் பழைய மின்விசிறியைக் கழற்றிவிட்டு, மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறியை மாட்டினால் கட்டுப்படியாகுமா? பெரும்பாலோர் மின்கட்டண ரசீதை மட்டும் பார்த்து விடை சொல்லிவிடுகின்றனர்.

அந்தக் கணக்கையே முதலில் போடலாம். பழைய விசிறி 75 வாட். புதியது ஏறத்தாழ 30 வாட். நாளுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் ஆண்டுக்கு 164 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 3 ரூபாய் எனக் கொண்டால் 490 ரூபாய். புதிய விசிறிக்குக் கூடுதலாகக் கொடுத்தது 1,500 ரூபாய் என்றால், அது திரும்பி வர மூன்று ஆண்டுகள். கடலோர உப்புக்காற்றில் விசிறி அதுவரை துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பது வேறு.

ஆனால் தீவுகளுக்கும் தாய்நிலத்து மின்தொகுப்புக்கும் இணைப்பு இல்லை. வடக்கு அந்தமானில் 5.25 மெகாவாட் கல்பாங் நீர்மின் நிலையமும் தெற்கே சில சூரிய மின் நிலையங்களும் உண்டு. பெரும்பங்கு மின்சாரம் கப்பலில் வரும் டீசலை எரித்தே கிடைக்கிறது. ஒரு லிட்டருக்கு மூன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் தேறும். அதே 164 யூனிட் என்பது சுமார் 45 லிட்டர் டீசல். லிட்டர் 75 ரூபாய் என்று வைத்தாலும் ஏறக்குறைய 3,400 ரூபாய். விசிறியின் கூடுதல் விலையை ஈடுகட்ட ஆறு மாதம்கூட ஆகாது. உற்பத்திச் செலவுக்கும் வீட்டுக் கட்டணத்துக்கும் இடையிலான பள்ளத்தை நிரப்புவது மத்திய அரசின் நிதி.

'கட்டுப்படியாகும்' என்ற வினை நான்காம் வேற்றுமை இல்லாமல் முழுமை பெறாது. யாருக்கு? வீட்டுக்காரருக்குச் சொற்பம், கருவூலத்துக்கு ஏராளம். பணம் போடுபவர் ஒருவர், பயன் பெறுபவர் இன்னொருவர். வாடகை வீடுகளில் இது இன்னும் கூர்மையாகிறது: தகரக் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு பொருத்த வேண்டியவர் உரிமையாளர், புழுங்குபவரோ குடியிருப்பவர்.

2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்குத் தாய்நிலத்தின் பெரும்பகுதியில் 78,000 ரூபாயும் தீவுகளில் 85,800 ரூபாயும் மானியம் தருகிறது. தீவின் செலவு தனி என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மின்சாரம் ஆக்குவதற்குக் காட்டும் இத்தாராளம், அதை மிச்சப்படுத்தும் விசிறிக்கும் கூரைக்கும் ஏன் இல்லை? விசிறியின் விலை வேறுபாட்டை மின்துறையே ஏற்று வழங்கினாலும் முதலாண்டிலேயே டீசல் செலவில் அதற்கு இலாபம்தான்.

விசிறி சிக்கனமானால் மக்கள் கூடுதல் நேரம் ஓட்டுவார்கள் என்று சிலர் மறுக்கலாம். ஓட்டட்டும். பதினெட்டு மணி நேரம் சுழன்றாலும், பழைய விசிறி பத்து மணி நேரத்தில் இழுத்ததைவிட அது குறைவாகவே இழுக்கும்.