ரிவெட்டை எண்ணுகிறவர்கள்

போர் விமானங்களின் பெரிய மாடல்களைக் கட்டி வண்ணம் பூசும் பொழுதுபோக்கில் ஒரு சொல்லுக்குத்தான் மரியாதை அதிகம்: துல்லியம். 1940இல் ஸ்பிட்ஃபயரின் அடிவயிற்றில் பூசியது நீலமா, பச்சை கலந்த நீலமா என்று நள்ளிரவு தாண்டியும் வாதாடுவார்கள். இறக்கைத் தகட்டில் ஒரு ரிவெட் வரிசை இடம் மாறியிருந்தால் அந்தக் கிட்டே குப்பை என்பார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு ‘ரிவெட் எண்ணுகிறவர்கள்’ என்று கேலிப்பெயர் உண்டு. கேலிதான், ஆனால் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமையும் இருக்கும். நான் பதினோரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். நானும் எண்ணுகிறவள்தான். அந்த உரிமையில் கேட்கிறேன்: ரிவெட்டை எண்ணினீர்களே, ரிவெட் அடித்த கைகளை எண்ணினீர்களா?

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். இது குழந்தைகளின் பொம்மை இல்லை. நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை 11 மீட்டருக்குச் சற்று மேல். 24இல் ஒரு பங்கு அளவில் அது 47 சென்டிமீட்டர். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை 32இல் ஒரு பங்காகக் கட்டினால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலத்துக்கு மேசையை அடைத்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான பாகங்களைச் சட்டகத்திலிருந்து வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, இடுக்குகளில் பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து, ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பூச்சுகளாக நிறம் ஏற்றி, டெக்கால்களை நீரில் நனைத்து ஒட்டி, கடைசியில் எண்ணெய்க் கசிவும் புகைக்கறையும் வரைய வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். பெரிய கிட்டுகளின் விலை ஐந்து இலக்கத்தில் இருக்கிறது. அதனால் இது காசும் நேரமும் பூட்டிக்கொள்ள ஓர் அறையும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு. அவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடையில் கிட் வாங்கப் போனால் “தம்பிக்கா மேடம்?” என்கிறார்கள். ஒரு கண்காட்சியில் என் மஸ்டாங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த பெரியவர் ஒருவர், “சார் எங்கே?” என்று கேட்டார். எனக்கு முன்னால் இருந்தது என் பெயர் எழுதிய அட்டை. பெண்களுக்கு இயந்திரத்தில் ஆர்வம் கிடையாது, பொறுமை கிடையாது என்பது இவர்களின் தீர்ப்பு. பொறுமை கிடையாதாம்! விடிவதற்குமுன் குனிந்து நாற்பது புள்ளிக் கோலத்தைக் கோணல் இல்லாமல் இழுக்கிறவளிடம், அரிசியில் கல் பொறுக்கியவளிடம், ஜரிகையைக் கண் நோகக் கோத்தவளிடம் சொல்கிறார்கள். அதே நுணுக்கம் வீட்டுக்குப் பயன்பட்டால் கைவேலை, அவளுக்கே அவளுக்கென்று ஆனால் நேர விரயம். எங்களிடம் இல்லாதது நுணுக்கம் அல்ல. அடுத்த நாள் காலைவரை யாரும் கலைக்காமல் விட்டுவைக்கும் ஒரு மேசைதான்.

இனி அந்தக் கைகளுக்கு வருகிறேன். பி-17 குண்டுவீச்சு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சியாட்டிலில் போயிங்கின் இரண்டாம் ஆலையில் மட்டும் ஏறத்தாழ 7,000 விமானங்கள் செய்யப்பட்டன. 1944இல் உச்சத்தில் ஒரு நாளைக்கு 16. போயிங்கின் பணியாளர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள். ரிவெட் அடிப்பது இருவர் வேலை. வெளியே ஒருத்தி காற்றழுத்தத் துப்பாக்கியால் அடிப்பாள். உள்ளே இன்னொருத்தி, இறக்கையின் இடுக்குக்குள் உடலை மடக்கிப் படுத்தபடி, இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிப்பாள். இரண்டு பேரின் கையும் ஒத்துப்போகாவிட்டால் தகடு நசுங்கும். நாம் இன்று ஊசி முனை உருளையை ஓட்டி மாடலின் மேல் பதிக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் இப்படி இரண்டு உடல்கள் இருந்தன. வெள்ளைப் பெண்களோடு கறுப்பினப் பெண்களும் அந்த ஆலைகளுக்குள் போராடி நுழைந்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிட்டின் விளக்கக் கையேட்டில் வடிவமைத்தவர் பெயர் இருக்கும், ஓட்டியவர் பெயர் இருக்கும், வீழ்த்திய எதிரி விமானங்களின் கணக்கும் இருக்கும். செய்தவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஸ்பிட்ஃபயருக்கு வருவோம். 2009இல் வந்த டாமியாவின் 32இல் ஒரு பங்கு ஸ்பிட்ஃபயரில் இன்ஜின் மூடிகளைச் சிறு காந்தங்களால் பொருத்தியிருப்பார்கள். கழற்றினால் உள்ளே மெர்லின் இன்ஜின் குழாய் குழாயாகத் தெரியும். இந்தப் பொழுதுபோக்கின் அற்புதங்களில் ஒன்று அது, சந்தேகமில்லை. போரின் தொடக்கத்தில் இதே மெர்லினுக்கு ஒரு குறை இருந்தது. விமானத்தைச் சட்டென்று மூக்கு கீழே தாழ்த்தினால் கார்புரேட்டரில் எரிபொருள் பெருக்கெடுத்து இன்ஜின் திணறிவிடும். எதிரியின் இன்ஜினில் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் முறை இருந்ததால் அவன் தப்பிவிடுவான். 1941இல் இதற்கு ஒரு தீர்வு கொடுத்தவர் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங். புரூக்லாண்ட்ஸ் ஓட்டத்தடத்தில் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். எரிபொருள் வழியில் அளவாகத் துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைச் செருகினார். அவ்வளவுதான். தன் சிறு குழுவோடு விமானத்தளம் விமானத்தளமாகப் போய் அதைப் பொருத்திக் கொடுத்தார். அதற்கு விமானிகள் வைத்த பெயர் ‘மிஸ் ஷில்லிங்கின் துவாரம்’. ஆபத்திலிருந்து காப்பாற்றிய பொறியாளருக்கு ஆண்கள் செலுத்திய நன்றி இந்த ஆபாசச் சிரிப்பு. இன்றும் மாடல் கட்டுகிறவர்கள் மெர்லினைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கண்ணடிக்கிறார்கள். அவர் வேறென்ன செய்தார் என்று கேளுங்கள், தெரியாது.

தொழிற்சாலையிலிருந்து படைத்தளத்துக்கு அந்த ஸ்பிட்ஃபயர்களைப் பறந்து கொண்டுசேர்த்தவர்களில் பெண்களும் உண்டு. பிரிட்டனின் விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் 160க்கும் மேற்பட்ட பெண் விமானிகள் இருந்தார்கள். ரேடியோ கிடையாது, ஆயுதம் கிடையாது. இதுவரை தொட்டே பார்க்காத ரகமாக இருந்தாலும் ஒரு சிறு குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏறிப் பறந்தார்கள். ஏமி ஜான்சன் 1941 ஜனவரியில் தேம்ஸ் கழிமுகத்தில் விழுந்து இறந்தார். சம வேலைக்குச் சம ஊதியம் 1943இல் கிடைத்தது, கேட்டு வாங்கியது. ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் விமானி உருவம் எப்போதும் ஆண்தான்.

பெண் இல்லாமல் இல்லை. டெக்கால் தாளில் இருக்கிறாள், நீச்சலுடையில். ‘மெம்ஃபிஸ் பெல்’ விமானத்தின் மூக்கில் இருப்பது ஜார்ஜ் பெட்டி ஒரு பத்திரிகைக்கு வரைந்த கவர்ச்சிப் படம். இடப்பக்கம் அவள் உடை நீலம், வலப்பக்கம் சிவப்பு. இதை மாற்றி ஒட்டினால் போட்டியில் மதிப்பெண் போகும். அந்தப் பெயருக்குக் காரணமான மார்கரெட் போல்க் என்ற பெண், விமானி ராபர்ட் மார்கனின் காதலி, என்ன ஆனார் என்பதற்கு மதிப்பெண் இல்லை. தனியாக விற்கும் ரெசின் உருவங்களில் ஏணியில் சாய்ந்தும் இறக்கையில் படுத்தும் கிடக்கிற பெண்களுக்குக் கையில் ஒரு ஸ்பேனராவது கொடுத்திருக்கலாம். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட பி-29இன் மூக்கில் இருப்பது படமல்ல, பெயர்: ‘எனோலா கே’. விமானி பால் டிபெட்ஸ் தன் தாயின் பெயரை எழுதச் சொன்னார். 1945 ஆகஸ்ட் 6 காலை கீழே எத்தனை தாய்கள் இருந்தார்கள் என்பது எந்த டெக்காலிலும் வராது. அந்த எழுத்துகளின் உயரம் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இங்கேதான் “பொழுதுபோக்கில் அரசியலைக் கொண்டுவராதீர்கள்” என்ற குரல் எழும். ஸ்வஸ்திகாவைச் சரியான கோணத்தில் ஒட்டும்போது அது வரலாறு, நான் பேசினால் அது அரசியல். டிஃபயன்ட் விமானத்தில் ‘பிஎஸ்’ என்ற எழுத்துகளை ஒட்டுகிறீர்களே, அந்த 264ஆம் அணிக்கு ‘மதறாஸ் மாகாணம்’ என்ற பெயர் எப்படி வந்தது? இங்கிருந்து போன போர்நிதிக்காக. காலனி மக்களின் காசு அந்த இறக்கையில் இருக்கிறது. யார் வீட்டு அடுக்களைச் சேமிப்பு, யார் கழற்றிக் கொடுத்த வளையல் என்று எந்தக் கையேடும் கேட்கவில்லை. அரசியல் கிட்டுக்குள்ளேயே இருக்கிறது, நான் கொண்டுவரவில்லை.

என் பெண்ணியத் தோழிகள் வேறு பக்கத்திலிருந்து வருகிறார்கள். “கொலைக் கருவியை உட்கார்ந்து மெருகேற்றுகிறாயே, வெட்கமாக இல்லையா?” இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். என்னோடு வேலை பார்த்த வன்னி அக்கா ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். அலமாரியில் 48இல் ஒரு பங்கு கிபிர் கிட் ஒன்று பிரிக்காமல் இருந்தது. 1996இலிருந்து இலங்கை விமானப்படை பயன்படுத்திய அதே ரகம். பெட்டிப் படத்தைச் சற்றுநேரம் பார்த்தார். “இதின்ர அடிப்பக்கம் என்ன நிறமெண்டு எனக்குத் தெரியும்” என்றார். பிறகு பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தேநீர் கேட்டார். துல்லியம் பேசுகிற எந்த ஆணிடமும் அப்படி ஒரு வண்ணக் குறிப்பை நான் கேட்டதில்லை. பங்கருக்குள் ஓடுவதற்குமுன் அண்ணாந்து பார்த்தவரின் குறிப்பு அது. விமானத்தின் வயிறுவரைக்கும் வந்து நின்றுவிடுகிறது இவர்களின் துல்லியம். அதற்குக் கீழே இருக்கும் வீடு, கிணறு, பள்ளிக்கூடம் எதுவும் அளவுக்குள் வருவதில்லை.

அதனால் கட்டாதே என்கிறீர்களா? நான் கட்டுவேன். நான் எழுந்துபோனால் மேசை காலியாகாது, அவர்களே உட்கார்ந்திருப்பார்கள், அதே டெக்கால்களோடு. சியாட்டில் பெண்கள் செய்தது குண்டு போடும் விமானம்தான். அதையும் மறைத்து அவர்களுக்கு ஆலாத்தி எடுக்க எனக்கு விருப்பமில்லை. கூலியும் கௌரவமும் தேடி ஆலைக்குப் போனவள், அவள் அடித்த ரிவெட்டுக்குக் கீழே எரிந்தவள், இருவரையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது சிரமமான வேலை. மூக்கில் நீச்சலுடைப் படம் ஒட்டுவதைவிடச் சிரமம். கல்லூரியில் படிக்கிற பெண்கள் என்னிடம் கற்றுக்கொள்ள வரும்போது அவர்களிடம் முதலில் கொடுப்பது பிளேடும் உப்புத்தாளும். இரண்டாவது, அந்த விமானம் எந்த ஊரில் செய்யப்பட்டது, எந்த ஊரில் குண்டு போட்டது என்று தேடி எழுத ஒரு நோட்டு. பெரும்பாலும் இரண்டாவதுதான் முதலில் நிறைகிறது.

இப்போது என் மேசையில் இருப்பது 32இல் ஒரு பங்கு பி-17ஜி. அதை ‘5 கிராண்ட்’ ஆகக் கட்டுகிறேன். பேர்ள் ஹார்பருக்குப் பிறகு போயிங் செய்த 5,000ஆவது பி-17 அது. ஆலையில் வேலை செய்தவர்கள் அதன் உடலெங்கும் தங்கள் பெயர்களை எழுதினார்கள். 1944இல் அந்தப் பெயர்களோடேயே அது போருக்குப் போனது. போருக்குப் பின் மற்றவற்றோடு உடைத்துப் போட்டுவிட்டார்கள். பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி, படிக்க முடிகிற பெயர்களை மட்டும் பட்டியல் எடுத்திருக்கிறேன். ஆண், பெண் எல்லோரும். படிக்க முடியாததை ஊகித்து எழுதுவதில்லை, அங்கே கிறுக்கல் கிறுக்கலாகவே இருக்கும். மூன்று சுழியத் தூரிகையில், பெரிதாக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு மாலைக்கு நான்கைந்து பெயர் ஆகிறது. இடப்பக்கம் இறக்கைவரை வந்திருக்கிறேன்.