கையிற் கயிறும் கைப்பேசிக் கயிறும்

தமிழ்ப் பெற்றோரே! 2023 ஆகசுட்டுத் திங்களில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் சிலர், உடன்பயின்ற மாணவனை வீடுபுகுந்து அரிவாளால் வெட்டினர். தடுத்த தங்கையும் குருதி சிந்தினாள். சாதிவெறியே அதன் வேர்! பின்னர் அமைந்த நடுவர் சந்துரு குழு, 2024 சூனில், சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. நன்றே! ஆனால், கைப்பேசிக்குள் கட்டப்படும் கயிற்றை யார் அறுப்பது?

'நீ எம்மவன்' என்னும் ஒரு சொல்லுக்கு ஏங்குகிறான் பதினைந்து அகவைச் சிறுவன். இணையத்துச் சாதிக் குழுக்கள் அச்சொல்லைச் சொல்லியே அவனை ஈர்க்கின்றன. நாம் அதனை முந்திச் சொன்னோமா?

எம் ஏனாத்தூர் போலும் சிற்றூர்தோறும், எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாய்க் கூடும் சடுகுடுக் களமும் படிப்பகமும் வேண்டும். ஓரணியில் தோள்சேர்ந்து ஆடியவன் தோழன்மேல் அரிவாள் ஓங்கத் தயங்குவான். மாலைதோறும் ஒருமணி நேரத்தை அவர்க்கென ஒதுக்குங்கள்! பிள்ளையை நாம் அணைக்காவிடில் சாதி அணைத்துக்கொள்ளும்!