ஆற்றங்கரையைத் திறந்தே வையுங்கள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் உட்பகுதியில், லைக்கார்ட் நெடுஞ்சாலையை ஒட்டி, டாசன் ஆறும் காசில் கிரீக் ஓடையும் கூடும் இடத்தில் இருக்கிறது தியோடோர். சில நூறு பேர் மட்டுமே வாழும் வேளாண் ஊர். டாசன் நீரை மறித்துப் பாசனக் குடியேற்றம் ஒன்றை உண்டாக்க 1920களில் மாநில அரசு முனைந்தபோது பிறந்த ஊர் இது. மாநில முதல்வராக இருந்த டெட் தியோடோரின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். இன்றும் ஊரைச் சுற்றிப் பருத்தியும் தானியமும் மேய்ச்சல் நிலமும்தான்.

மே மாதம் பிறந்து விக்டோரியாவிலும் தெற்கு நியூ சவுத் வேல்ஸிலும் குளிர் இறங்கியதும், கேரவன்களும் மோட்டார்ஹோம்களும் வரிசையாக வடக்கு நோக்கிக் கிளம்பிவிடும். பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதிகள். கடற்கரையோர புரூஸ் நெடுஞ்சாலையின் நெரிசல் வேண்டாம் என்பவர்கள் உள்நாட்டுச் சாலையைப் பிடிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பதிவாகியுள்ள கேரவன், கேம்பர்வேன்களின் எண்ணிக்கை ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கைப்பேசியில் விக்கிகேம்ப்ஸ் செயலியைத் திறந்தால், எந்த ஆற்றங்கரையில் வண்டி நிறுத்தலாம், குழாயில் குடிநீர் வருமா, கழிப்பறை உண்டா என்பதெல்லாம் முந்தைய வாரம் அங்கே தங்கியவர் எழுதிவைத்த குறிப்போடு வந்து நிற்கிறது. தியோடோர் போன்ற ஊர்களின் வாசலுக்கு இந்தக் கூட்டம் வருவது இப்படித்தான்.

கூட்டம் வரும் இடமெல்லாம் அதே வழக்கும் கூடவே வருகிறது. ஆற்றங்கரைப் புல்வெளியில் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ தங்க விட்டால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று கேரவன் பார்க் நடத்துபவர்கள் உள்ளாட்சிக் கவுன்சிலைக் கேட்கிறார்கள். கரை நாறிப்போகிறது என்று உள்ளூர்க்காரர்கள் முறையிடுகிறார்கள். வேலிக்கு அப்பால் அந்நியர் நடமாட்டமா என்று விவசாயிகள் அஞ்சுகிறார்கள். இவை மூன்றும் நியாயமான குறைகளே. ஆனால் இவற்றைக் காரணம் காட்டிக் கரையைப் பூட்டுவது தவறு என்பதே நமது கருத்து. கரை திறந்திருக்க வேண்டும். திறந்து வைப்பதற்கான செலவைக் கவுன்சில், சாலைக்கும் குடிநீருக்கும் செலவிடுவதுபோல, தன் கடமையாக ஏற்க வேண்டும்.

முதலில் அந்த நிலத்தைப் பார்ப்போம். 2010 டிசம்பர் கடைசியில் டாசன் கரைபுரண்டபோது தியோடோர் முழுவதையும் காலி செய்தார்கள். ஊர் மக்களை ஹெலிகாப்டரில் ஏற்றித்தான் வெளியே கொண்டுபோக முடிந்தது. குயின்ஸ்லாந்து வரலாற்றில் ஓர் ஊரையே ஒட்டுமொத்தமாக வெளியேற்றியது அதுவே முதல்முறை. இப்படி வெள்ளம் ஏறும் கரையில் வீடு கட்டக் கூடாது. விடுதி கட்டினால் அடுத்த வெள்ளத்தில் போகும். அங்கே எதைக் கட்டினாலும் காப்பீடும் எளிதில் கிடைக்காது, கட்டுபவர் மனத்தில் நிம்மதியும் இருக்காது. ஆனால் சக்கரத்தின் மேல் நிற்கும் வீட்டுக்கு அந்த நிலம் பொருந்தும். மழை எச்சரிக்கை வந்தால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடலாம். கரையில் மிஞ்சுவது புல்லும் சில மேசைகளும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். மத்திய குயின்ஸ்லாந்தில் பெருமழைக்காலம் டிசம்பரில் இருந்து மார்ச் வரை. பயணிகள் வருவதோ மே தொடங்கி செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களில். வேறு எதற்கும் உதவாத நிலம், வெள்ளம் வராத பருவத்தில், ஊருக்கு வருமானம் தருகிறது. இதைவிடப் பொருத்தமான பயன்பாடு அந்தக் கரைக்கு இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

அதற்காக எச்சரிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. பருவம் தப்பியும் மழை வரும். மேலே டாரூம் பக்கம் பெய்த மழை கீழே தியோடோர் வந்துசேர நேரம் பிடிக்கும். ஆற்றங்கரையில் தூங்குபவருக்குத் தலைக்கு மேல் தெளிந்த வானம் தெரியும், ஆறு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். வானிலைத் துறை எச்சரிக்கை விடுத்ததும் கரைக்கு வந்து ஒவ்வொரு வண்டியின் கதவையும் தட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது கவுன்சிலின் ஏட்டில் பெயரோடு இருக்க வேண்டும்.

கேரவன் பார்க் உரிமையாளர்களின் வாதத்துக்கு வருவோம். அவர்கள் நிலவரி கட்டுகிறார்கள், காப்பீடு எடுக்கிறார்கள், ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். பக்கத்திலேயே கவுன்சில் மலிவாக இடம் கொடுத்தால் வயிறு எரியத்தான் செய்யும். அரசு அமைப்பு என்பதாலேயே ஒரு வணிகத்துக்குக் கூடுதல் சலுகை இருக்கக் கூடாது என்ற கோட்பாடு குயின்ஸ்லாந்தின் 2009ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்பாடு கவுன்சில்கள் பெரிய அளவில் நடத்தும் வணிகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மின்சாரமோ துணி துவைக்கும் இயந்திரமோ நீச்சல் குளமோ இல்லாத ஒரு புல்வெளியை அந்தத் தராசில் நிறுத்துவது பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரை பூட்டியிருந்தால் அந்தப் பயணி நேராக கேரவன் பார்க்குக்குப் போய்விடுவார் என்று எண்ணுவது தவறு. கூரையில் சூரியத் தகடு, அடியில் தண்ணீர்த் தொட்டி, உள்ளேயே கழிப்பறை என்று எல்லாவற்றையும் சுமந்து வருபவர், இடமில்லை என்றால் ஆக்சிலேட்டரை மிதித்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார். டீசலையும் ரொட்டியையும் அங்கேயே வாங்கிக்கொள்வார். சில இரவு ஆற்றங்கரையில் இருந்துவிட்டு, துணி துவைக்கவும் மின்கலத்தை நிரப்பவும் ஓர் இரவு பணம் கட்டிப் பார்க்கில் தங்குவது பலருடைய வழக்கம். கரையை மூடினால் பார்க் உரிமையாளருக்கு அந்த ஓர் இரவும் போய்விடும். அவருக்கு நியாயம் செய்யும் வழி இரவுகளுக்கு வரம்பு கட்டுவது. இரண்டு அல்லது மூன்று இரவு, அதன்பின் வண்டி நகர வேண்டும். கூடவே ஒரு சிறு கட்டணம் வாங்கி, வந்த பணத்தை அந்தக் கரையிலேயே செலவிட வேண்டும்.

இந்த விவகாரத்தில் உண்மையான சிக்கல் கழிவுதான். பேசக் கூச்சப்பட்டே அதை ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலான கேரவன்களில் கழிப்பறைக்கு அடியில் ‘கேசட்’ எனப்படும் ஒரு பெட்டி இருக்கிறது. சுமார் 20 லிட்டர் கொள்ளும். வண்டியின் பக்கவாட்டில் உள்ள சிறு கதவைத் திறந்து அதை வெளியே இழுத்தால், விமான நிலையத்தில் இழுத்துப்போகும் பெட்டிபோல கைப்பிடியும் சக்கரமுமாக வரும். இருவர் பயணம் செய்தால் சில நாட்களில் நிரம்பிவிடும். அதை ஊற்றுவதற்கென்றே உள்ள இடத்தை ‘டம்ப் பாயின்ட்’ என்கிறார்கள். தரையோடு ஒட்டிய வடிகால், மூடி, அலசுவதற்கு ஒரு குழாய், அவ்வளவுதான். அது இல்லாத ஊரில் என்ன நடக்கிறது? பூங்காக் கழிப்பறைக்குள் ஊற்றுகிறார்கள். அந்தக் கழிப்பறை செப்டிக் டேங்க்கில் முடிகிறது. கேசட்டில் நாற்றத்தை அடக்கப் போடும் ரசாயனம் ஃபார்மால்டிஹைடு கலந்ததாக இருந்தால், கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். ஒரு பருவம் முடிவதற்குள் டேங்க் செத்துப்போய், பூங்கா முழுக்க நாறும். நாற்றத்துக்குப் பழி வெளியூர்க்காரர்கள் மேல். டம்ப் பாயின்ட் அமைக்காத கவுன்சிலை யாரும் கேட்பதில்லை.

அதைவிட மோசம், இருட்டில் புதருக்குள் கொட்டிவிட்டுப் போவது. அப்படிச் செய்கிறவர் சிலரே என்றாலும் அவர்களை மன்னிக்க முடியாது. டாசன் வடக்கே ஓடி மெக்கன்சி ஆற்றோடு சேர்ந்து ஃபிட்ஸ்ராய் ஆகிறது. ஃபிட்ஸ்ராய், ராக்ஹாம்ப்டன் ஊரைக் கடந்து கடலில் கலக்கிறது. 1,40,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தின் நீரைச் சுமந்துபோகும் வடிநிலம் அது. கிரேட் பாரியர் ரீஃப் பவளத்திட்டுக் கடலுக்குள் வடியும் ஆற்றுப் படுகைகளில் அதுவே மிகப் பெரியது. பவளம் வெளிறுகிறது என்று கவலைப்படும் நாடு, அந்த நீரின் மேல்வாயில் ஒரு வடிகால் வைக்கத் தயங்குவதை எப்படி ஏற்பது? கேம்பர்வேன், மோட்டார்ஹோம் வைத்திருப்போரின் சங்கமான சி.எம்.சி.ஏ., டம்ப் பாயின்ட் அமைக்கக் கவுன்சில்களுக்கு உதவி செய்துவந்திருக்கிறது. பயணிகளை வரவேற்கும் ஊர் என்று அந்தச் சங்கத்தின் அங்கீகாரம் பெறவும் டம்ப் பாயின்ட், குடிநீர், ஊருக்கு அருகே குறைந்த செலவில் இரவு தங்கும் இடம் ஆகியவை வேண்டும். பணமில்லை என்று சொல்லும் கவுன்சில் முதலில் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கட்டும்.

விவசாயிகளின் அச்சத்தை நகரத்துக்காரர்கள் அற்பமாக எண்ணுகிறார்கள். அது அற்பமல்ல. பார்த்தீனியம் நமக்குத் தெரிந்த களை. தமிழ்நாட்டு வயல் வரப்பிலும் பொட்டல் வெளியிலும் வெள்ளைப் பூவோடு நின்று, தொட்டவர் உடம்பை அரிக்கவைக்கும் அதே செடிதான் மத்திய குயின்ஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்களையும் பிடித்திருக்கிறது. அதன் விதை சேற்றோடு ஒட்டிக்கொண்டு வண்டியிலேயே பயணம் செய்கிறது. பருத்தியை அழிக்கும் ஃபியுசேரியம் வாடல் நோயும் மண்ணோடு பரவுவதுதான். நோய் ஒரு வயலுக்குள் நுழைந்துவிட்டால் அதை அந்த மண்ணிலிருந்து விரட்டவே முடியாது. ஆகவேதான் சுத்தமாக வா, சுத்தமாகப் போ என்பதைப் பருத்தி விவசாயிகள் பண்ணை வாசலிலேயே எழுதி வைக்கிறார்கள். ஒதுக்கிய கரை இல்லையென்றால் பயணி எங்கே போய் நிற்பார்? வாய்க்கால் ஓரத்தில், பம்புசெட் அருகில், பருத்தி வயலின் தலைமாட்டில் நிற்பார். காட்டு நாய்களுக்கு வைத்த 1080 நஞ்சை அவருடைய வளர்ப்பு நாய் தின்னும். பண்ணைக் கதவு திறந்தபடி கிடக்கும், மாடு சாலைக்கு வரும். கூடும் இடத்தை ஊரின் கண் பார்வையில் ஒதுக்கிக்கொடுப்பதே விவசாயிக்கும் பாதுகாப்பு. அங்கே போகும் வழியில் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவ ஓர் இடமும் வேண்டும். மாநிலத்தின் 2014ஆம் ஆண்டு உயிரிப் பாதுகாப்புச் சட்டப்படி, களையும் நோயும் பரவாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு விவசாயியோடு நின்றுவிடுவதில்லை. வழிப்போக்கருக்கும் உண்டு.

நியூசிலாந்து 2023-ல் கடுமையான வழியைத் தேர்ந்தெடுத்தது. கவுன்சில் நிலத்தில் வண்டியில் தங்க வேண்டுமானால், பொதுவாக, நிலையாகப் பொருத்திய கழிப்பறையோடு சான்று பெற்ற வண்டியாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. குயின்ஸ்லாந்து அந்த வழியில் போக வேண்டாம். பெரிய மோட்டார்ஹோம் வாங்க வசதியுள்ளவர்களுக்கு மட்டும் ஆறு என்றாகிவிடும். கூடாரத்தோடு வரும் இளைஞருக்கும், சாதாரண காரின் பின்னிருக்கையை மடித்துத் தூங்கும் குடும்பத்துக்கும் அந்தக் கரையில் இடம் வேண்டும். பொதுக் கழிப்பறை ஒன்றை ஒழுங்காகப் பராமரித்தால் அது சாத்தியமே. வாடகை கட்ட முடியாமல் வண்டியிலேயே வாழ்பவர்களை இரவு வரம்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிரிஸ்பேனுக்கு வடக்கே மோர்டன் பே கவுன்சில் 2025-ல் வீடற்றவர்கள் பொது இடத்தில் கூடாரத்திலோ வண்டியிலோ தங்குவதைத் தடை செய்ததுபோல, இரவு வரம்பை ஏழைகளை விரட்டும் கருவியாக்குவதை நாம் ஏற்க மாட்டோம்.

தியோடோருக்கு இன்னொரு தனிச்சிறப்பு உண்டு. அங்குள்ள ஹோட்டலையும் மதுக்கூடத்தையும் ஊர் மக்களே கூட்டுறவாக நடத்துகிறார்கள். லாபம் ஊருக்கே திரும்புகிறது. கரையில் வண்டியை நிறுத்திவிட்டு இரவு உணவுக்கு அங்கே நடந்து போகும் பயணி செலவழிக்கும் பணம், அந்த ஊரின் விளையாட்டுத் திடலுக்கோ வேறொரு தேவைக்கோ போய்ச்சேரும். பாசன நீர் குறைக்கப்படும் வறட்சி ஆண்டில் பருத்தி விதைப்பு சுருங்குகிறது, கடைகளில் வியாபாரம் படுக்கிறது. சாலை காய்ந்திருக்கும் அத்தகைய ஆண்டிலும் பயணிகள் வருவார்கள்.

தமிழர்களுக்கு இந்தப் பகுதி அந்நியமல்ல. தியோடோர் இருக்கும் பனானா ஷயர் என்ற உள்ளாட்சிப் பகுதியின் தலைமை ஊர் பிலோலா. 2018 மார்ச்சில் விடியற்காலையில் குடியேற்ற அதிகாரிகள் அங்கே வாழ்ந்த ஓர் ஈழத் தமிழ்க் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது, எங்கள் ஊர்க்காரர்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று அந்த ஊர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. 2022 ஜூனில் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. பிரிஸ்பேனிலும் சிட்னியிலும் மெல்பர்னிலும் உள்ள நம் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்குக் கேம்பர்வேன் வாடகைக்கு எடுக்கும்போது, கோல்டு கோஸ்ட் கடற்கரையை விட்டுவிட்டு ஒருமுறை இந்தப் பக்கமும் வர வேண்டும். வந்தால் மளிகையை பிரிஸ்பேனிலிருந்தே மூட்டை கட்டி வராமல் அங்கே வாங்குங்கள். சாம்பார் பாத்திரத்தை ஆற்றில் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். அடுப்பெரிக்க விழுந்த மரத்தை வெட்டாதீர்கள், அதன் பொந்தில் உயிர்கள் குடியிருக்கும். ஆற்றங்கரை மூடப்படும் ஊர்களில் கவுன்சில் உறுப்பினர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது விருந்தினர் விட்டுச்சென்ற குப்பையைத்தான்.

கவுன்சில்களின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. வரவுசெலவுத் திட்டம் பெரும்பாலும் அதை ஒட்டியே நிறைவேறிவிடும். ஆகவே இந்தக் கோரிக்கை திட்டம் தயாராகும் தொடக்கத்திலேயே கவுன்சில் மேசைக்குப் போக வேண்டும். டாசன் ஓரத்தில் மட்டுமல்ல, மரே, மரம்பிட்ஜி ஆறுகளின் ஓரத்து வேளாண் ஊர்களிலும் தங்கும் கரைக்கு ஒரு டம்ப் பாயின்ட், வண்டி கழுவுமிடம், ஒழுங்கான கழிப்பறை, வெள்ள எச்சரிக்கைக்குப் பொறுப்பான ஓர் ஊழியர் என்று நான்குக்கும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். எந்த ஊரில் ஒதுக்கவில்லையோ, அந்த ஊரின் கரையை மூடும் தீர்மானத்தை எந்த உறுப்பினரும் கொண்டுவரக் கூடாது.