முன்னால் ஐரிஷ் பெயர்... நடுவில் பாட்டி பெயர்!

காவாந்தண்டலத்தில் ஒரு பாட்டி. மகனும் மருமகளும் அயர்லாந்தில் இருக்கிறார்கள். டப்ளினில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வாட்ஸ்அப் வீடியோ காலில் மகன் பெயரைச் சொல்கிறார்.

"பாப்பாவுக்கு நீவ்னு பேரு வெச்சிருக்கோம்மா."

"நீவா? குளிப்பாட்டும்போது கை காலை நீவி விடுவோமே, அதுவாப்பா?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. பிறந்து வளரும் ஊரில், பள்ளியில், தோழிகளின் வாயில் பெயர் சுலபமாகப் புழங்க வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அதில் தப்பில்லை. 'நீவ்' என்றால் ஒளி. அழகான பொருள்தான். ஆனால், பாட்டியின் மனசு கேட்கும் கேள்வி வேறு: 'இந்தப் பெயரில் நாம எங்கே இருக்கோம்?'

அதற்கான இடம்தான் நடுப்பெயர்.

நமக்கு நடுப்பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அடுத்து நம் பெயர். அவ்வளவுதான். அயர்லாந்தில் முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று அடுக்கு. தினமும் கூப்பிடுவது முதல் பெயரை. நடுப்பெயர் பெரும்பாலும் சான்றிதழில் இருக்கும். வீட்டுப் பெரியவர்களையோ புனிதர்களையோ நினைவில் வைத்துச் சூட்டுவார்கள்.

இதில் அவர்களுக்கும் நமக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். அயர்லாந்தின் பழைய வழக்கமும் இதேதான். முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், முதல் மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர். ஓ'பிரையன், ஓ'கானர் என்று அங்கே குடும்பப் பெயர்கள் இருக்கின்றனவே, அந்த 'ஓ'வுக்கும் பேரன், வழிவந்தவர் என்றுதான் அர்த்தம்.

அப்படியானால் நடுவில் தாத்தா பெயரையே வைத்துவிடலாமே? அங்கேதான் ஒரு சிக்கல்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கும்போது, நம் ஆட்கள் பலர் அப்பாவின் பெயரை எழுதிவிடுகிறோம். அயர்லாந்தில் குழந்தையின் பிறப்பைப் பதியும்போது, வழக்கமாகப் பெற்றோரின் குடும்பப் பெயரே குழந்தைக்கும் வரும். அதாவது, தாத்தா சுந்தரம் ஏற்கெனவே கடைசியில் உட்கார்ந்துவிடுகிறார். நடுவிலும் அவரையே வைத்தால் 'நீவ் சுந்தரம் சுந்தரம்' என்றாகிவிடும்!

ஆக, நடு இடம் காலி. அது பாட்டிக்கு.

யோசித்துப் பாருங்கள். நம் இனிஷியலில் வழக்கமாக வருவது அப்பாதான். தலைமுறை தலைமுறையாகப் பாட்டியின் பெயர் எங்கேயும் ஏறுவதில்லை. காவாந்தண்டலத்துக்குப் பக்கத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்பவை. அந்தக் குடத்தில் விழுந்தவையும் ஆண்களின் பெயர்கள்தான்.

பாட்டி பெயரை முதல் பெயராகவே வைக்கலாம்தான். ஆனால் நம் வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு. மாமியாரின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார். குழந்தையை அதட்டினால் மாமியாரையே அதட்டியது போல ஆகிவிடும்! அதனால்தான் பாட்டி பெயர் வைத்த குழந்தைகள் 'அம்மு'வாகவும் 'பாப்பா'வாகவும் வளர்ந்தார்கள். நடுப்பெயரில் அந்தத் தொல்லை இல்லை. அதட்டுவதற்கு நீவ் இருக்கிறாள். பாட்டி மரியாதையாகச் சான்றிதழில் இருப்பார்.

அயர்லாந்தில் இரண்டு முறை பிரதமராக இருந்த லியோ வராட்கரின் முழுப்பெயர் லியோ எரிக் வராட்கர். அப்பா மகாராஷ்டிரத்துக்காரர். 'வராட்கர்' என்பது அவர்களின் வராட் கிராமத்தைக் குறிக்கும் பெயர். அவர் பெயரில் இந்தியா இருப்பது கடைசியில் மட்டும்தான். நம்மவர்கள் நடுவிலும் ஓர் இடம் பிடிக்கலாமே!

பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கச் சில வழிகள்:

* சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். 'நீவ் அலமேலு' என்று வேகமாகச் சொன்னால் 'நீவலமேலு' என ஒட்டிக்கொள்ளும். 'நீவ் காமாட்சி' தனித்தனியாக நிற்கும். 'தாரா ராஜாத்தி'யில் 'ரா' இடிக்கும். 'தாரா வள்ளி'யில் இடிக்காது.

* இரு ஊருக்கும் பொதுவான முதல் பெயர் கிடைத்தால் இன்னும் வசதி. தாரா என்பது அயர்லாந்தின் பழைய அரசர்களோடு தொடர்புடைய குன்றின் பெயர்; நமக்கோ நட்சத்திரம். அங்கே கீரன் என்றால் 'கருப்புக்குட்டி', நம் ஊர் கருப்பையா மாதிரி. இங்கே நக்கீரனைத் தெரியாதவர் யார்?

* ஆண் குழந்தைக்கும் பாட்டி பெயர் வரும். வள்ளி என்றால் வள்ளியப்பன், மீனாட்சி என்றால் மீனாட்சிசுந்தரம்.

* அயர்லாந்தில் பிறப்பை 3 மாதங்களுக்குள் பதிய வேண்டும். குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றால், 1 வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்திலும் பதிய வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் நடுப்பெயருக்குத் தனிக் கட்டம் கிடையாது. முதல் பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும். எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

இதையெல்லாம் முடிவு செய்யும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பாட்டிக்கு ஒரு போன் போட்டு, "உங்க பேரை வைக்கலாமா?" என்று கேட்பது. "என் பேரு எதுக்குப்பா, பழைய பேரு" என்றுதான் முதலில் சொல்வார்.

போனை வைத்ததும் தெருவுக்கே சொல்லிவிடுவார்.