மெருகேறிய வண்டியும் மறைந்த வரலாறும்

விழா மலரொன்றிலே கல்வியின் மாண்பைப் பற்றியும் ஒழுக்கத்தின் உயர்வைப் பற்றியும் எழுதுவோர் பலர் இருப்பர். பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுதப் புகுந்த நம்மைக் கண்டு அன்பர் சிலர் நகைக்கவுங் கூடும். நகைப்பாராக. பழைய கார்க் காட்சி எங்கே நடந்தாலும் கையிலுள்ள வேலையை ஒதுக்கிவிட்டு ஓடுகின்ற பித்து நமக்கு இளமை தொட்டே உண்டு. அந்தப் பித்து நமக்குக் கற்பித்த ஓர் உண்மையையே கல்லூரி அன்னையின் விழா மலரிற் சமர்ப்பிக்க விழைகின்றோம்.

வண்டியை நேசித்தல் மேனாட்டாருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. வன்னி மண்ணிலே மாட்டுவண்டிச் சவாரி நடக்கும் நாளிற் சவாரித் திடலைச் சுற்றி நிற்போரைப் பார்த்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். காளையின் சுழியையும் கொம்பையும் எடுத்துரைப்பார் ஒருவர். வண்டிச் சில்லின் இறுக்கத்தைத் தட்டிப் பார்த்துக் கூறுவார் மற்றொருவர். ஓட்டம் முடிந்து புழுதி அடங்கிய பின்னரும் வண்டியைத் தொட்டுத் தடவிக்கொண்டு நிற்போர் உளர். அதே கண்ணும் அதே கையுந்தான் பழைய கார்க் காட்சிகளிலுங் காணப்படுகின்றன. ஒருவர் தமது காரின் பொனற்றைத் திறந்து வைத்துவிட்டால், முன்பின் அறியாத பத்துப் பேர் ஒரு நொடியிற் சுற்றத்தவராகி விடுவர்.

இத்தகைய விழாக்களுட் புகழ் பெற்றது இலண்டன் மாநகரிலிருந்து பிறைற்றன் கடற்கரைக்குச் செல்லும் ஓட்டமாகும். இங்கிலாந்திலே மோட்டார் வண்டிகளின் வேக எல்லை மணிக்கு 4 மைலிலிருந்து 14 மைலாக உயர்த்தப்பட்டபோது, அம்மகிழ்ச்சியைக் கொண்டாட 1896ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆந் திகதி சிலர் அவ்வழியே வண்டி ஓட்டினர். அதன் ஞாபகமாக 1927ஆம் ஆண்டிலே ஓட்டம் மீண்டும் நடத்தப்பட்டது. 1905ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகளே அதிற் கலந்துகொள்ளத் தகுதியுடையன. பாரதத்திலே ‘ஸ்ரேற்ஸ்மன்’ பத்திரிகை 1964ஆம் ஆண்டிலே பழைய கார் ஓட்டத்தைத் தொடக்கி வைத்தது. 1920ஆம் ஆண்டில் பஸ் ஓட்டத் தொடங்கிப் பின்னர் பெரும் பொறியியல் மேதையாக விளங்கிய ஜி. டி. நாயுடு அவர்களின் பெயர் விளங்க, கோயம்புத்தூரிலே 2015ஆம் ஆண்டு முதல் ஒரு கார் அருங்காட்சியகம் நடைபெற்று வருகின்றது. நமது தீவின் தலைநகரிலும் பழைய கார் உடையோர் கழகம் அமைத்துக் காட்சிகளும் ஊர்வலங்களும் நடத்துகின்றனர்.

இக்காட்சிகளிற் கூடும் அபிமானிகள் இரு திறத்தினர். முதற் சாரார் அசலையே போற்றுவோர். தொழிற்சாலை வாயிலை விட்டுப் புறப்பட்ட அன்று வண்டி எவ்வாறிருந்ததோ அவ்வாறே இன்றும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. நிறம் மாறினாலும், ஆணி ஒன்று மாறினாலும் புள்ளி குறையும். மற்றச் சாரார் அமெரிக்காவிலே தோன்றிய ‘ஹொட் றொட்’ அபிமானிகள். 1908 முதல் 1927 வரை போர்ட் கம்பனியார் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட ‘ரி மொடல்’ கார்களைச் செய்து குவித்தமையால், பழைய போர்ட் கார்கள் ஏழை இளைஞர்க்கும் எளிதிற் கிடைத்தன. தென் கலிபோர்னியாவின் இளைஞர் அவற்றை வாங்கி, மட்காட்டைக் கழற்றி, கூரையைத் தாழ்த்தி, இயந்திரத்தின் வலுவைப் பெருக்கி, வறண்ட ஏரிப் படுக்கைகளிலே காற்றாய்ப் பறந்தனர். 1948ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே அவ்வகைக் கார்களுக்கெனவே ஒரு காட்சி நடந்தது. குறும்பர் செய்த சிதைவு என்று ஒரு காலத்திற் பெரியோர் இகழ்ந்த அவ்வண்டிகள், இன்று அரும்பொருட்சாலைகளிலே இடம் பெற்றுவிட்டன.

அசலைக் காத்தல் ஒரு கலை. அழகுபட மாற்றுதல் மற்றொரு கலை. இரண்டையும் நாம் மதிக்கின்றோம். ஆயினும், இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வகை வண்டி ஒன்று உண்டு. அது நமது வன்னி மண்ணில் உருவானது. அதற்கு எந்தக் காட்சியிலும் இதுவரை இடமில்லை. இதுவே நமது முறைப்பாடு.

சில ஆண்டுகளுக்கு முன் தெற்கே நடந்த காட்சியொன்றிலே இள நீல நிறமான ‘ஒஸ்ரின் ஏ40 சோமசெற்’ கார் ஒன்றைக் கண்டு மயங்கி நின்றோம். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட வகை அது. அதன் சொந்தக்காரர் பண்பு மிக்கவர். நம்மை அன்புடன் அழைத்து, அக்காரைக் கிளிநொச்சிப் பக்கத்திலே வாங்கியதாகக் கூறினார். “வாங்கும்போது பார்க்கச் சகிக்கவில்லை. அங்குள்ளவர்கள் செய்து வைத்திருந்த ஒட்டுவேலைகள் யாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு அசலாக்கினோம்” என்று பெருமையுடன் பழைய படங்களையுங் காட்டினார். படத்திலே, பொனற்றினுள் தகரத்தாற் செய்த சிறிய இரண்டாவது எண்ணெய்த் தாங்கி இருந்தது. இரு தாங்கிகளுக்கும் இடையே மாற்றித் திருப்புதற்கு ஒரு பித்தளைத் திருகு இருந்தது. காபரேற்றரிலே யாரோ ஒரு கைவினைஞர் அரத்தால் ராவிய அடையாளம் இருந்தது. நாம் வாய் திறக்கவில்லை. குப்பையென்று எறியப்பட்ட அந்தத் திருகு என்ன செய்தது என்பதை அவர் அறியார், நாம் அறிவோம்.

இளைய மாணவர் பொருட்டு அதனை ஈண்டு விரித்துரைத்தல் நம் கடன். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகங்கள் முதலியன வடக்கே வருவதற்குத் தடை விழுந்தது. 2002ஆம் ஆண்டுப் போர் நிறுத்தம் வரை வன்னி மக்கள் அந்தத் தடையின் கீழேயே வாழ்ந்தனர். அளவோடு கிடைத்த மண்ணெண்ணெயே விளக்குக்கும் வண்டிக்கும் உணவாயிற்று. மண்ணெண்ணெயோ குளிர்ந்த இயந்திரத்திலே எளிதில் ஆவியாகாது. ஆகவே, சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அந்தச் சில துளி பெற்றோல் மருந்து போலப் பேணப்பட்டது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழே வடிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பிளக் கரி பிடிக்கும். பின்னே வெண்புகை சூழும். இவ்வளவு குறைகளோடும் வண்டி ஓடியது.

இது வெறும் மூட வித்தையன்று. கொவென்றி நகரிலே 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலிற் தொடங்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடுமாறே அமைக்கப்பட்டது. இங்கிலாந்தின் பொறியியலாளர் வரைபடமிட்டுச் செய்த அதே காரியத்தை, நமது கராச்சுக்காரர் வரைபடமும் உபகரணமுமின்றி மரநிழலிலே செய்து முடித்தனர். 1960ஆம் ஆண்டுகளிலிருந்து 1977 வரை இலங்கையில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் ஒஸ்ரின், மொறிஸ் வகைக் கார்கள் கைவிடப்படாது பேணப்பட்டு வந்தமை அவர்க்கு வாய்ப்பாயிற்று. சோமசெற் காரின் இயந்திரம் காற்றையும் எண்ணெயையும் ஏறக்குறைய 7 மடங்கே அமுக்கும். அதனால் மண்ணெண்ணெயை அது ஒருவாறு பொறுத்துக்கொண்டது. கூடிய அழுத்தத்திற்கென ஆக்கப்பட்ட புதிய கார்களோ முட்டித் திணறும்.

பழையதென்று உலகம் ஒதுக்கிய அந்த வண்டிகளே பிரசவ வேதனையுற்ற தாய்மாரைப் புதுக்குடியிருப்புக்கும் மல்லாவிக்கும் ஏற்றிச் சென்றன. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் பெயர்ந்து, பின்னர் வன்னியை அடைந்த குடும்பங்களின் பாயையும் பானையையும் சுமந்தவையும் அவையே. அந்தப் பித்தளைத் திருகின் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும் ஓர் உயிர் இருந்தது. அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு நீல மெருகு பூசியபோது, கார் 1952க்குத் திரும்பியது உண்மையே. அது மனிதருக்காகப் பாடுபட்ட ஆண்டுகள் அத்தனையும் அழிந்தன என்பதும் உண்மையே.

இது வன்னியாரின் வீண் பிடிவாதம் என்று எவரும் எண்ணற்க. பழைய வண்டிகளுக்கான உலக சம்மேளனம் 2013ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட ‘ரூறின் பட்டயம்’, ஒரு வண்டி தன் வாழ்நாளிற் பெற்ற வரலாற்றுச் சுவடுகளையும் மதித்துக் காக்குமாறு அறிவுறுத்துகின்றது. புண்ணின் வடுவும் வீரனுக்கு அணியே என்பதை உலகம் வண்டி விடயத்திலும் உணரத் தலைப்பட்டுவிட்டது. நாம் மட்டும் நம் வடுவை நாணி மறைப்பதேன்?

காலமோ கைநழுவிச் செல்கின்றது. 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே முள்ளிவாய்க்காலிற் கைவிடப்பட்ட கார்களும் உழவு இயந்திரங்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் துருவேறிக் குவிந்து கிடந்து, பின்னர் பழைய இரும்பாயின. எஞ்சியவற்றின் நிலையும் நன்றன்று. 2020 முதல் 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்திலே பழைய வண்டிகளின் விலை உயர்ந்தது. வறுமையுற்ற சொந்தக்காரர் விற்றால் அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால், வண்டி போகும்போது அதன் கதையும் கூடவே போய்விடுகின்றது. அவ்வேலைகளைச் செய்த மெக்கானிக்மாரோ முதுமையெய்தி விட்டனர். அவர்கள் எழுதி வைத்ததில்லை. அவர்தம் விரல்களிலேயே அந்தச் சாத்திரம் இருக்கின்றது. விரல் ஓய்ந்தால் சாத்திரமும் ஓயும்.

நம் கருத்துக்குத் தடை கூறுவோர் இருவர். துன்பத்தைக் காட்சிப் பொருளாக்கலாமா என்பார் ஒருவர். நாம் காட்ட விரும்புவது துன்பத்தையன்று. துன்பத்தை வென்ற அறிவை. 2022ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்று வாடியபோது, இவ்வறிவின் அருமை வடக்குக்கு வெளியேயும் ஓரளவு உணரப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கெடுக்குமன்றோ, அந்த ஒட்டுவேலையை நீக்காது என் செய்வது என்பார் மற்றவர். நியாயமே. ஓட வேண்டிய கார் பெற்றோலில் நன்றாக ஓடட்டும். கழற்றிய பாகத்தை எறியாது துணியிற் சுற்றி வைக்குமாறும், கழற்றுமுன் படமெடுத்துக் குறிப்பெழுதுமாறும் மட்டுமே வேண்டுகின்றோம்.

இனி, நமது பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விழா ஆண்டு நிறைவுறு முன்னர், ஒரு நாள் கல்லூரி மைதானத்திலே வண்டிக் காட்சியொன்று நடத்துவோம். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் வரட்டும். லாண்ட்மாஸ்ரரும் உழவு இயந்திரமும் வரட்டும். டைனமோவினால் வானொலி கேட்க உதவிய துவிச்சக்கர வண்டியும் வரட்டும். மெருகுக்குப் பரிசில் வேண்டாம். வண்டி எந்த ஆண்டினது, எதை மாற்றினர், யார் மாற்றினர், ஏன் மாற்றினர் என்னும் விவரங்களை அழகிய தமிழில் எழுதி ஒவ்வொன்றின் முன்னும் வைப்போம். நடுவராக முதிய மெக்கானிக்மாரை அழைத்து நாற்காலியிட்டு இருத்துவோம். அவர் கூறுவதை விஞ்ஞான மாணவர் எழுதிக்கொள்ளட்டும், வரைபடம் தீட்டட்டும், கல்லூரி நூலகத்திலே அந்த ஏடு நிலைபெறட்டும். பாடப்புத்தகத்திலே படித்த ஆவியாதலும் அமுக்கமும் தம் பாட்டனாரின் கையிலே நிகழ்ந்தன என்று அறியும் மாணவன், விஞ்ஞானத்தைப் பிறநாட்டுப் பொருளென்று ஒருபோதும் எண்ணான்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் பெருங்காட்சிகளைக் கண்டு களிக்கும் நம் பழைய மாணவர், அங்கே மெருகேறிய வண்டிகளைப் பார்க்கையில், கிளிநொச்சியின் கராச்சொன்றிலே எண்ணெய் படிந்த சாரத்துடன் குனிந்து நின்ற ஒரு மனிதரையும் ஒரு கணம் நினைப்பாராக. நினைத்தபின், அந்நாளுக்கு ஊர் வருவாராக.